நாற்பது திருகாணிகள்

என் மேசை இழுப்பறையில் ஒரு சிறிய பொலித்தீன் பை கிடக்கிறது. உள்ளே நாற்பது திருகாணிகள். கொரியாவில் கட்டிய பை. அதைக் காணும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

கட்டியவர் மச்சான், என் மூத்த சகோதரியான ராத்தாவின் கணவர். கல்முனைச் சந்தையில் கொட்டைப்பாக்கு விற்றவர். எண்ணாமல் கையால் அள்ளுவார், மேலே ஒன்றிரண்டு தூக்கிப் போடுவார். சுனாமி வீட்டையும் கடையையும் கொண்டுபோனது. ராத்தாவையும் பிள்ளைகளையும் தகரக் கொட்டிலில் விட்டுவிட்டு, நான் வேலை செய்த கொரியத் தொழிற்சாலைக்கே அவரும் வந்தார். இயந்திரத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். இரண்டு அச்சுகளை உடைத்தார். இன்னொரு பிழை விட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லி, மேற்பார்வையாளர் அவரைப் பொதி கட்டும் மேசைக்குத் தள்ளினார். ஊரில் புது வீட்டுக்கு அத்திவாரம் மட்டும்தான் போட்டிருந்தது.

ஒரு பைக்கு நாற்பது திருகாணிகள். மற்றவர்கள் தராசில் போட்டுக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்க, மச்சான் பெட்டிக்குள் கையை விட்டு ஒரே அள்ளில் எடுத்தார். மேற்பார்வையாளர் நம்பாமல் பத்துப் பைகளைப் பிரித்து எண்ணினார். எல்லாவற்றிலும் நாற்பது. "தாரின்" என்று சொல்லித் தோளில் தட்டினார்.

ஏதோ ஏச்சு என்று மச்சான் பயந்துவிட்டார். சாப்பாட்டறையில் சமைக்கும் கொரியப் பெண்ணிடம் கேட்டு வந்து நான்தான் விளக்கினேன். சீன எழுத்துகளில் பிறந்த சொல் அது. முதல் எழுத்துக்கு எட்டுதல் என்று பொருள், அடுத்தது மனிதன். தொழிலில் கரைகண்டவரை அப்படிச் சொல்வார்கள். உலகத்தைப் புரிந்துகொண்டு பதறாமல் வாழ்கிறவருக்கும் அதே சொல்தானாம். மச்சான் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார்.

"ஒன்ட ராத்தா இன்னும் கொட்டில்லதான் இரிக்கா. நான் எங்க மச்சான் எட்டினன்?"

நான் கறிக் கோப்பையை அவர் பக்கம் தள்ளினேன்.

யுத்தம் முடிந்த வருடம் அவர் ஊர் திரும்பினார். வீடும் எழும்பியிருந்தது. அடுத்த வருடம் நானும் வந்து, நேரே சந்தைக்குப் போனேன். பழைய இடத்திலேயே கடை போட்டிருந்தார். இறக்காமத்து விவசாயி ஒருவரோடு வயலுக்குள் யானை புகுந்த கதை கதைத்துக்கொண்டிருந்தார். நாற்பது பாக்குக் கேட்டேன். கதையை நிறுத்தாமலே நாலு கை அள்ளித் தந்தார். எண்ணிப் பார்த்தால் முப்பத்தேழு. விடுவேனா? தாரின் பட்டத்தைப் பறிக்க வேண்டியதுதான் என்று பகிடி பண்ணினேன்.

"கொரியால அள்ளினது பயந்த கை மச்சான். ஒண்டு கூடிக் கொறஞ்சாலும் அனுப்பிருவானெண்டு பயம். இனி என்னய ஆரு எங்க அனுப்புற? நான் ஊட்ட வந்துட்டனே."

சொல்லிவிட்டு இன்னொரு கை பாக்கை அள்ளிப் போட்டார். ஞாபகத்துக்காகக் கொண்டுவந்திருந்த திருகாணிப் பையையும் காசுப் பெட்டிக்கடியிலிருந்து எடுத்து என்னிடமே தந்தார், தனக்கு இனி அது எதற்கு என்று.

வீட்டுக்கு வந்து பாக்கை எண்ணினேன். நாற்பத்தாறு. இழுப்பறையில் கிடக்கும் பையை எத்தனையோ தடவை எண்ணிவிட்டேன். அதில் இன்றைக்கும் நாற்பதுதான்.