மூன்றை நான்காக்கிய ஆயுத பூஜை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். பேனாவை எடுப்பேன். அந்தப் பெண் எங்கோ பிள்ளை குட்டியோடு இருப்பாள், எதற்குக் கிளற வேண்டும் என்று மூடிவிடுவேன். மூடியது அவளுக்காக அல்ல, எனக்காகத்தான் என்று இப்போது தெரிகிறது. அண்ணாமலையார் சாட்சியாக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். எழுபதுகளில் தேரடித் தெருவில் டைப் அடித்துப் பிழைத்தேன். எண்பதுகளின் கடைசியில் என் முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, 'கம்ப்யூட்டர் ஜாதகம்' என்று போர்டு மாட்டினார். விரல் பழகியவன் என்று என்னையே அதன் முன் உட்காரவைத்தார்.

புரோகிராம் எழுதியவர் மாதம் ஒருமுறை மெட்ராஸிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு இளைஞர். ஜாதகம் கணிக்க ஒரு புரோகிராம், கல்யாணப் பொருத்தம் பார்க்க இன்னொன்று. பிறந்த நேரத்தைக் கொடுத்தால் நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்கிற கணக்கு இரண்டுக்கும் பொது. அதைத் தனி ப்ளாப்பியில் வைத்திருந்தார். அதற்கு லைப்ரரி என்று பேர்.

"பேப்பர் படிக்கப் போறமே, அந்த லைப்ரரியா தம்பி?"

"அதே மாதிரிதான் சார். ரெண்டு புரோகிராமும் அங்கருந்துதான் எடுத்துக்கும். என்ன, இங்க சத்தம் போட்டா யாரும் திட்ட மாட்டாங்க."

லைப்ரரியைத் திருத்தும்போதெல்லாம் அதற்குப் புது நம்பர் போடுவார். எந்தப் புரோகிராமுக்கு எந்த நம்பர் என்று கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல் இருந்தது. கட்டளை கொடுத்தால் மிஷின் அதைப் படித்து, சொன்ன நம்பரை எடுத்துப் புரோகிராமோடு சேர்த்துக் கட்டும்.

அந்தப் புரட்டாசியில் நாலாம் நம்பரைக் கொண்டுவந்தார். பட்டியலில் ஜாதகத்துக்கு நாலு என்று மாற்றினார். பொருத்தத்துக்கு மூன்றையே விட்டார்.

"பொருத்தத்துல நான் இன்னும் கை வைக்கல சார். அடுத்த தபா வந்து மாத்தறேன். அதுவரைக்கும் மூணுதான். தொட்டுடாதீங்க."

"ஆகட்டும் தம்பி" என்றேன்.

ஆயுத பூஜை வந்தது. கடையைக் கழுவி, மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். பழசு, உடைசல் எதையும் பூஜையில் வைப்பதில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம். சரஸ்வதி படத்தின் முன் ப்ளாப்பிகளை அடுக்கும்போது மூன்றாம் நம்பர் கையில் வந்தது. புதுசு இருக்க இது எதற்கு என்று தோன்றியது. பட்டியலில் மூன்றை அழித்து நான்கு என்று அடித்துக் கட்டளை கொடுத்தேன். மிஷின் ஒரு குறையும் சொல்லாமல் சேர்த்துக் கட்டியது. அம்மன் கடாட்சம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பழைய ப்ளாப்பியில் இருந்ததையும் அழித்து, வெறும் ப்ளாப்பியாக்கி அடுக்கினேன்.

மறுநாள் விஜயதசமி. முதல் ஆளாக வந்தவர் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையில் பூக்கடை வைத்திருந்தவர். பௌர்ணமிதோறும் அவரிடம்தான் மாலை வாங்குவேன். மகளுக்கு வரன் வந்திருந்தது.

"ஜோசியர் பேஷா பொருந்துதுன்னுட்டாரு சாமி. மாப்ள வீட்லதான் கம்ப்யூட்டர்ல பார்த்துச் சீட்டு குடுங்கன்றாங்க. ஜோசியரை விட டிவிப் பெட்டி மேல நம்பிக்கை ஜாஸ்தி அவங்களுக்கு."

பெண் மிருகசீரிடம், பையன் உத்திரம். பொருத்தச் சீட்டில் நட்சத்திரம் அச்சாகாது. பத்துப் பொருத்தமும், எதிரே உண்டு அல்லது இல்லை என்பதும், தாலி பலம் சொல்லும் ரஜ்ஜு இல்லையென்றால் எந்த ரஜ்ஜு இடிக்கிறது என்பதும்தான் வரும். ரஜ்ஜு இல்லை என்று வந்தது. அதிலும் இருவருக்கும் ஒரே கழுத்து ரஜ்ஜு. கட்டி வைத்தால் பெண்ணின் உயிருக்கு ஆகாது என்பார்கள்.

"இன்னொரு தபா போட்டுப் பாருங்க சாமி."

போட்டேன். அதே வந்தது.

"ஜோசியரு அப்படிச் சொன்னாரே."

"மனுஷன் தப்பு பண்ணுவான். மிஷினு தப்பாதுங்க" என்றேன். பஞ்சாங்கம் என் கைக்கெட்டும் தூரத்தில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துப் புரட்டியிருந்தால் ஒரு நிமிஷ வேலை. எடுக்கவில்லை. அவர் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். வரன் நின்றுபோனது.

ஐப்பசியில் மெட்ராஸ் தம்பி வரவில்லை. கார்த்திகை தீபத்துக்குக் கொடியேறும் முன்தான் வந்தார். பட்டியலைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"மூணுல அசுவினிய சைபர்னு எண்ணும் சார். நாலுல ஒண்ணுன்னு எண்ணும். பொருத்தம் இன்னும் சைபர்லருந்துதான் எண்ணிட்டிருக்கு. இங்க வந்த அத்தனை பேருக்கும் நட்சத்திரம் ஒண்ணு தள்ளிப் போயிருக்கு. பழசு எங்க?"

"அழிச்சிட்டேன் தம்பி."

கடைசி நட்சத்திரமான ரேவதிக்காரர் ஒருவர் வந்திருந்தால், தள்ள இடமில்லாமல் மிஷின் அன்றே தடுமாறியிருக்கும். ஒருவரும் வரவில்லை. பூக்கடைக்காரர் மகளின் மிருகசீரிடம் திருவாதிரையாகவும், பையனின் உத்திரம் அஸ்தமாகவும் போயிருந்தன. அவை இரண்டும் கழுத்து ரஜ்ஜு. உண்மையான நட்சத்திரங்களுக்கு ரஜ்ஜு பொருந்தியே இருந்தது.

"வெளிய மூச்சு விடாதீங்க" என்றார் முதலாளி. ஆனால் என்னைத் தடுத்தது அவர் அல்ல. பத்து நாள் உற்சவம் முடியட்டும், தீபத்தைத் தரிசித்துவிட்டுச் சொல்லலாம் என்று நானே எனக்குத் தவணை கொடுத்துக்கொண்டேன். பக்தி என்று அதற்குப் பேர் வைத்தேன். பயம்தான்.

தீபம் முடிந்து போனேன். பூக்கடைக்காரர் முந்திக்கொண்டார்.

"அந்தப் பையனுக்குப் போன வாரம் வேற எடத்துல நிச்சயம் ஆயிடுச்சு சாமி. போவட்டும். எம் பொண்ணு உசுரைக் காப்பாத்தினீங்களே, அது போதும்." கடைக்குள் மாலை கட்டிக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டார். "சாமிக்கு ஒரு மாலை எடுத்துக் குடும்மா."

அவள் வாழையிலையில் சுற்றிக் கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டேன். மலையை முழுதாகச் சுற்றி வந்தும் வாய் திறக்கவில்லை. அந்த மாலையைச் சாமிக்குப் போடக் கை வரவில்லை.

பிறகு அந்தப் பெண்ணுக்கே கண்டம் இருக்கிறது என்று ஊரில் பேச்சானது. வந்த வரன்கள் வாசலோடு போயின. கடைசியில் இரண்டாம் தாரமாகப் போளூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். அவள் அப்பா என்னை வாழ்த்திக்கொண்டேதான் செத்துப்போனார்.

அவளிடம் போய்ச் சொல்ல எனக்கு முகமில்லை. போளூர்ப் பக்கம் இதைப் படிப்பவர்கள் யாராவது அவள் காதில் போடுங்கள், அவள் ஜாதகத்தில் ஒரு கண்டமும் இல்லை என்று. சொல்லும்போது என்மேல் இரக்கப்பட்டு எதையும் குறைக்காதீர்கள், கூட்டாதீர்கள். தெரியாமல் நடந்தது என்று திருத்திவிடாதீர்கள். தொடாதே என்று சொல்லியிருந்ததைத் தொட்டேன். தெரிந்த பிறகும் சொல்லாமல் இருந்தேன். இதை இப்படியே சொல்லுங்கள்.