நான் மொழிபெயர்க்காத வாக்கியம்

ஒரு தாய் என்னை நம்பி ஒரு வாக்கியத்தைத் தந்தார். சொல்லவேண்டிய இடத்தில் நான் அதைச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்றைச் சொன்னேன்.

வாய் தவறிச் சொன்னதல்ல. தெரிந்துதான் சொன்னேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இனி நான் சொல்லப்போகும் காரணங்களைக் கேட்டு நீங்கள் இரங்கிவிடக் கூடாது.

நான் பீல் நகரத்தில் பிறந்து வளர்ந்தவள். அம்மா கைக்கடிகாரத் தொழிற்சாலையில் வேலை செய்தார். உருப்பெருக்கியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு நுண்ணிய திருகாணிகளைப் பூட்டுகிற அவருக்கு, ஜெர்மன் மொழி மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை. சிறுமியாக இருந்தபோது நான்தான் அவருடைய வாய். ஒருநாள் மகப்பேற்று வைத்தியர் என்னைப் பார்த்து, 'உன் அம்மாவின் கருப்பையில் கட்டி இருக்கிறது என்று சொல்' என்றார். கருப்பைக்கு எனக்குத் தமிழ் தெரியாது. "அம்மா, உங்கட வயித்துக்குள்ள ஏதோ வளருதாம்" என்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். தம்பியோ தங்கையோ பிறக்கப்போகிறது என்று நினைத்துவிட்டார்.

அந்தச் சிரிப்பை அழித்ததும் நான்தான். மறுமுறை, சரியான சொல்லோடு.

பேர்ன் பல்கலைக்கழகத்தில் டென்சினைச் சந்தித்தபோது இந்தக் கதையைச் சொன்னேன். திபெத்தியப் பெண். என் பெற்றோரைப் போலவே அவளுடைய பெற்றோரும் அகதிகளாக வந்தவர்கள்தாம். அவளும் தன் தந்தைக்கு வாயாக இருந்தவள்தான். அவள் அப்போதுதான் ஒரு பருவம் அமெரிக்காவில் படித்துவிட்டுத் திரும்பியிருந்தாள். அங்கே ஆசிய மாணவியர் தமக்கென்று சகோதரிச் சங்கங்கள் வைத்திருக்கிறார்கள், புதிதாக வரும் ஒவ்வொருத்திக்கும் ஒரு மூத்தவள் பொறுப்பு, வாரம்தோறும் ஏதாவது ஒரு தொண்டு என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இங்கும் மாணவர் சங்கங்கள் உண்டு. தொப்பியும் நிறப்பட்டியும் அணிந்து பியர் குடித்துப் பாடுபவை. அவற்றில் எங்களுக்கு இடம் இருக்கவில்லை. நாங்கள் தேடவும் இல்லை. நாங்களே ஒன்றைத் தொடங்கினோம். வியட்நாமியப் பெண்ணான லின் மூன்றாமவளாகச் சேர்ந்தாள். 'அக்கா' என்ற சொல் டென்சினுக்குப் பிடித்துப்போனது. அக்கா வட்டம் என்று பெயர் வைத்தோம். லின்னின் வாடகை அறையில் விளக்கேற்றி உறுதிமொழி எடுத்தபோது கூரையில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவி அலறி, கட்டடக் காவலர் ஓடிவந்தார். அது எங்கள் தொடக்கவிழா.

எந்தக் குழந்தையும் தன் தாய்க்கு மொழிபெயர்க்கும் நிலை வரக்கூடாது. அதற்காகத்தான் வட்டம். வைத்தியரிடமும் பாடசாலைக்கும் தாய்மாரோடு நாங்கள் போவோம். டென்சின் ஒரே ஒரு விதி வைத்தாள்: அவர்கள் சொன்னதைச் சொல்; சேர்க்காதே, விடாதே.

அந்த விதிக்கு முதலில் கைதட்டியவள் நான்.

பேர்னின் பூம்ப்ளிஸ் பகுதியில் ஒரு பாடசாலை எங்களைச் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டது. ஓராண்டு சரியாக நடந்தால் மற்றப் பாடசாலைகளுக்கும் பரிந்துரைப்பதாக அதன் அதிபர் சொல்லியிருந்தார். அங்கேதான் தவமணி அக்காவோடு போனேன். அவர் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்பவர். மூத்த மகள் ஆரணி ஆறாம் வகுப்பு.

இந்த நாட்டில் ஆறாம் வகுப்போடு பிள்ளைகளைப் பிரிப்பார்கள். 'செக்' என்ற பிரிவுக்குப் போனால் பல்கலைக்கழகம்வரை பாதை திறந்திருக்கும். 'ரியால்' என்றால் பெரும்பாலும் தொழிற்பயிற்சி. பிறகு மாறலாம் என்பார்கள். மாறுபவர்கள் சிலர்தாம்.

மேசையைச் சுற்றி ஐந்து பேர் இருந்தோம். வகுப்பாசிரியை, அதிபர், தவமணி அக்கா, ஆரணி, நான். ஆசிரியை மென்மையாகப் பேசினார். ஆரணி அமைதியான பிள்ளை, ரியால்தான் அவளுக்குப் பொருந்தும், அங்கே மகிழ்ச்சியாக இருப்பாள் என்றார். அதை ஒரு சொல் பிசகாமல் தமிழில் சொன்னேன்.

தவமணி அக்கா நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். மேசையில் விரலால் தட்டித் தட்டிப் பேசினார்.

"பிள்ளை, நீர் வடிவாச் சொல்லும். எனக்கு இதில சம்மதம் இல்லை. இவள் கணக்கில கெட்டிக்காரி. வாய் திறக்கமாட்டாள், அதொண்டுதான் குறை. தாய் தேப்பன் ஒத்துக்கொள்ளாட்டி ஒரு சோதினை எழுத விடுவினமாம். எங்கட பிள்ளையையும் எழுத விடச் சொல்லும்."

அவர் கேட்டது சரி. அப்படியொரு பரீட்சை இருந்தது. எனக்கும் தெரியும்.

ஆசிரியைக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தக் குரலும் விரலும் அவருக்குப் போதுமாக இருந்தன. அதிபரைப் பார்த்து இலேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்கு நன்றாகத் தெரியும்... இந்தத் தமிழ்ப் பெற்றோர் எல்லாரும் இப்படித்தான், பிள்ளைகள் அத்தனை பேரும் வைத்தியராக வேண்டும் என்பார்கள், என்கிற சிரிப்பு. என் காது சூடாகியது. அந்த மேசையில் நான் எந்தப் பக்கம் இருக்க விரும்பினேன் என்பது அந்தக் கணத்தில் எனக்கே தெரிந்துவிட்டது.

ஜெர்மனில் நான் சொன்னது இது: "தாய்க்குச் சற்றுக் கவலைதான். ஆனால் உங்கள் முடிவை மதிக்கிறார். இதுவரை செய்ததற்கெல்லாம் நன்றி சொல்கிறார்."

ஆசிரியையின் முகம் மலர்ந்தது. தவமணி அக்கா என்னைப் பார்த்தார்.

"என்னவாம்?"

"அந்தச் சோதினை பிள்ளைக்கு வீண் பாரமாம் அக்கா. எழுதாமல் விடுறதுதான் நல்லதாம் எண்டு ரீச்சர் சொல்லுறா."

"அப்பிடியோ..." அவருடைய விரல் மேசையிலேயே நின்றது. "அவைக்குத் தெரியும்தானே."

அப்போதுதான் ஆரணியைக் கவனித்தேன். அந்த மேசையில் இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் இருவர். நான் ஒருத்தி. அவள் மற்றவள். அம்மா கேட்டதையும் நான் சொன்னதையும் அவள் கேட்டிருந்தாள். என்னையே பார்த்தாள். கோபமாக அல்ல. கரும்பலகையில் எழுதியதை விளங்கிக்கொள்ள முயலும் மாணவியைப் போல. பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

ஏன் செய்தேன்? அந்தப் பாடசாலையின் நன்மதிப்பு வட்டத்துக்குத் தேவைப்பட்டது என்று நெடுங்காலம் எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஒரு சிறுமிக்குச் சற்று இடர் வந்தால் நூறு தாய்மாருக்கு நன்மை வரும் என்றும். பிள்ளைக்கும் பரீட்சை பாரம்தானே என்றும்... எல்லாம் பிறகு தேடியவை. அந்தக் கணத்தில் இருந்தது வெட்கம் மட்டும்தான். தவமணி அக்காவின் உரத்த குரலை என் குரலாக அங்கே கேட்க எனக்கு விருப்பமில்லை.

மறுநாள் டென்சின் கேட்டாள். "எப்படிப் போயிற்று? அந்தத் தாய் ஏதும் எதிர்த்துக் கேட்டாரா?"

"இல்லை" என்றேன்.

அதிபர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இத்தனை சுமுகமான பெற்றோர் சந்திப்பைத் தான் கண்டதில்லை என்று மற்ற அதிபர்களிடம் புகழ்ந்தார். பாடசாலைகள் ஒவ்வொன்றாக எங்களை அழைத்தன. வட்டம் வளர்ந்தது. தாய்லாந்துப் பெண்கள், பிலிப்பைன்ஸ் பெண்கள், இங்கேயே பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் என்று புதிய தங்கைகள் வந்தார்கள். டென்சின் வேலை கிடைத்துச் சூரிச்சுக்குப் போன பின் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் பொறுப்பாயிற்று. சொன்னதைச் சொல், சேர்க்காதே, விடாதே. குரல் நடுங்காமல் நான் இதைக் கற்பிக்கிறேன். வட்டத்தால் நன்மை அடைந்த பெண்கள் இருக்கிறார்கள், அது பொய்யில்லை. ஆனால் அதன் முதற்கல் எதன்மேல் வைக்கப்பட்டது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

தவமணி அக்கா என்னை மறக்கவில்லை. ஆரணி பெரியபிள்ளையானபோது நடந்த சாமத்தியச் சடங்கில் என்னை முன்வரிசையில் இருத்தினார். "எங்களுக்காக வந்து கதைச்ச பிள்ளை" என்று எல்லாருக்கும் அறிமுகம் செய்தார். நான் வட்டிலப்பம் சாப்பிட்டேன்.

ஆண்டுகள் ஓடி, இளையவள் மதுரா ஆறாம் வகுப்புக்கு வந்தாள். தவமணி அக்கா தொலைபேசியில் அழைத்தார். "சின்னவளுக்கும் நீர்தான் வரவேணும்" என்றார். ஓம் என்றேன். அடுத்த நாளே ஆரணி அழைத்தாள்.

"அக்கா, நீங்கள் வரவேண்டாம். நான் போறன்."

ஒய்ரோபாபிளாட்ஸ் ட்ராம் தரிப்பிடத்தில் சந்தித்தோம். அவளுக்கு அது முதியோர் பராமரிப்புப் பயிற்சியின் கடைசி ஆண்டு. வேலை முடிந்து நேரே வந்திருந்தாள். ட்ராம் வந்து போனது. இருவரும் ஏறவில்லை.

"உமக்கு ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டேன். எதை என்று அவள் கேட்கவில்லை.

"ஓம்."

"ஏன் அண்டைக்கு ஒண்டும் சொல்லேல்லை?"

"நீங்கள் அக்கா. யூனியில படிச்சனீங்கள். எங்களுக்காக வந்தனீங்கள். உங்களுக்கே எனக்குத் தகுதி காணாதெண்டு தெரிஞ்சா, அது சரியாத்தான் இருக்கும் எண்டு நினைச்சன்."

நான் தண்டவாளத்தைப் பார்த்தேன்.

"வேலை எனக்குப் பிடிக்கும் அக்கா. அது வேற கதை. என்னவா வந்திருப்பன் எண்டுதான் தெரியாது."

"அம்மாவுக்கு..."

"நான் சொல்லேல்லை. சொல்லவேண்டியது நானில்லைத்தானே."

அடுத்த ட்ராம் வந்தது. "போட்டு வாறன்" என்று ஏறிப்போனாள்.

மதுராவின் சந்திப்புக்கு அவள்தான் போனாள். அம்மாவின் சொற்களை அப்படியே சொன்னாளாம். மேசையில் தட்டியும் சொன்னாளாம். மதுரா பரீட்சை எழுதினாள்; 'செக்' பிரிவு கிடைத்தது.

சென்ற மாதம் கோயிலில் தவமணி அக்காவைக் கண்டேன். பூசை முடிந்து சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றோம். மகிழ்ச்சியில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சின்னவள் பாஸ் பண்ணிட்டாள் பிள்ளை. ஆரணியும் எழுதியிருக்கலாம்... ஆனா அந்த நேரம் அவளை வேண்டாமெண்டு ரீச்சர் சொன்னவதானே. இப்ப சட்டத்தை மாத்திப்போட்டாங்கள் போல, என்ன? கேக்கிற எல்லாரையும் எழுத விடுறாங்களாம்."

அவர் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு நடுவில் வேறு மொழி எதுவும் இல்லை. மொழிபெயர்க்க வேண்டியவரும் எவரும் இல்லை. தமிழில், நேராக, ஒரே வாக்கியம் சொல்லியிருக்கலாம்.

"ஓம் அக்கா," என்றேன். "இப்ப மாத்திப்போட்டாங்கள்."

அவர் தலையசைத்தார். வரிசை நகர்ந்தது. முன்னால் இருந்த தட்டை எடுத்து, முதலில் என்னிடம் தந்தார்.