கேட்காமல் வரைந்த படம்

ஐம்பதுகளின் கடைசியில் எனக்குக் கோவில்பட்டியில் ஆசிரியை வேலை கிடைத்தது. நான் தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவள். அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் வாழைத்தோட்டமோ தென்னையோ கண்ணை நிறுத்தும். இங்கே ரயில் பாதையைத் தாண்டினால் கரிசல்தான். பருத்தி எடுத்து முடித்துவிட்டால் வானம் தொடும்வரை கறுப்பாகக் கிடக்கும். முதல் ஆறு மாதம் என்னால் ஓரிடத்தில் உட்காரவே முடியவில்லை. பள்ளி விட்டதும் பஸ் நிலையம்வரை நடப்பேன். கழுகுமலை பஸ், கயத்தாறு பஸ் என்று புறப்படுவதையெல்லாம் பார்த்துவிட்டு, எதிலும் ஏறாமல் திரும்பி வருவேன்.

சென்னையில் ஒரு பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம் என்று தோன்றி, புகைப்படம் எடுக்க ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். உரிமையாளர் ஜன்னலோரம் உட்கார்ந்து, யாரோ ஒருவருடைய நெகட்டிவில் அம்மைத் தழும்புகளைக் கூர்மையான பென்சிலால் மறைத்துக்கொண்டிருந்தார். மாடியில் ஏதோ சண்டை நடப்பதுபோலச் சத்தம் கேட்டது. கவனித்தால், நிழல் கறுப்பா நீலமா என்று வாக்குவாதம். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேர் கூடிப் படம் வரைகிறார்கள் என்று அவர் சொன்னார். நானும் சிறுவயதிலிருந்து வரைகிறேன் என்றேன். அடுத்த ஞாயிறு வரச் சொன்னார். விண்ணப்பத்தை நான் அனுப்பவே இல்லை. எடுத்த புகைப்படம் பையிலேயே கிடந்து மஞ்சளாகிப் போயிற்று.

அந்தக் கூட்டத்துக்குப் பெயர் வைப்பதிலேயே மூன்று ஞாயிறுகள் போயிருந்தன. கடைசிவரை பெயர் அமையவில்லை. தலைவர்போல இருந்தவர் உயர்நிலைப் பள்ளி ஓவிய ஆசிரியர். மிகக் கறாரானவர். துணிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் மாடுகளை மட்டும் வரைவார். மாட்டுக்காலின் மடிப்பை அவர் ஒரே கோட்டில் கொண்டுவருவதை நாங்கள் எல்லோரும் நின்று பார்ப்போம். ஸ்டூடியோக்காரர் முகங்கள் வரைவார். ரயில்வே ஊழியர்கள் இரண்டு பேர் ஷிஃப்ட் ஒத்துவந்தால் வருவார்கள். ஒரு பெண் வந்து சேர்வது அவர்களுக்கும் புதிது. என்னைச் சேர்ப்பது பற்றி ஓவிய ஆசிரியர் ரொம்ப யோசித்தாராம். நான் வரும் நாட்களில் மாடிக்கதவும் ஜன்னல்களும் திறந்தே இருக்க வேண்டும் என்று ஒரு ஏற்பாடு செய்தார். அதனால் ஆடிக்காற்றில் தாள்கள் பறக்கும். எல்லோரும் தாளின் நான்கு மூலையிலும் கல் வைத்துக்கொண்டு வரைந்தோம். என்னால் வந்த தொல்லை என்று யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சில ஞாயிறுகளில் பஸ் ஏறிக் கழுகுமலைக்குப் போவோம். பாறையடியில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துவிடுவார்கள். நான் மட்டும் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாறுவேன். இங்கிருந்து பார்த்தால் அங்கே நன்றாக இருக்கும்போலத் தெரியும், அங்கே போனால் இன்னொரு பக்கம் இழுக்கும். மாலையில் படங்களையெல்லாம் சுவரோரம் சாய்த்துவைத்து ஆளுக்கொன்று சொல்ல வேண்டும் என்பது எங்கள் வழக்கம். என்னுடையவை எப்போதும் ஐந்து ஆரம்பங்களாக இருக்கும், முடிவு ஒன்றும் இருக்காது. படம் முடிவதற்குள் நீங்கள் எழுந்துவிடுகிறீர்கள் என்று ஓவிய ஆசிரியர் ஒருமுறை சொன்னார். எனக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் அவர் சொன்னது உண்மை.

நான் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தேன். வீட்டுக்கார அக்காவுக்கு நாற்பதைத் தாண்டிய வயது. அவர் கணவர் பஞ்சாலையில் வேலை பார்த்தார். அக்கா வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டுவார். மெல்லிய மரச்சில்லை மடித்து, நீலத்தாளைச் சுற்றி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த பசையால் ஒட்டிப் போட்டுக்கொண்டே இருப்பார். பேசும்போதும் சிரிக்கும்போதும் கை நிற்காது. என்னிடம் மிகவும் பிரியமாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை நான் அட்டையோடு கிளம்பினால், என்ன வரைந்தேன் என்று வந்ததும் காட்ட வேண்டும் என்பார். காட்டினால், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டியை மடிப்பார்.

அரையாண்டு விடுமுறையில் ஒரு பகல். எல்லா வீட்டிலும் சாப்பிட்டு ஓய்ந்திருந்த நேரம். தண்ணீர் எடுக்க முன்கட்டுக்குப் போனேன். அக்கா தீப்பெட்டிக் குவியலுக்கு நடுவே சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. தோள்பட்டையில் ரவிக்கை கிழிந்து பிரிந்திருந்தது. மடியில் கிடந்த கையில் பசை காய்ந்து வெள்ளையாய்ச் செதில் செதிலாக நின்றது. அந்தக் கை அசையாமல் இருந்து நான் அதுவரை பார்த்ததே இல்லை. குடத்தை அங்கேயே வைத்துவிட்டு, சத்தமில்லாமல் போய் அட்டையும் பென்சிலும் எடுத்துவந்து எதிரே உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம் நான் எழுந்திருக்கவில்லை. பஞ்சாலைச் சங்கு ஊதியபோதுதான் படம் முடிந்துவிட்டது என்றே தெரிந்தது. அக்கா விழிப்பதற்குள் என் அறைக்கு வந்துவிட்டேன். முதல்முறையாக அன்றைக்கு நான் அவரிடம் படத்தைக் காட்டவில்லை.

அடுத்த ஞாயிறு அதைச் சுவரோரம் வைத்தேன். ஓவிய ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இனி இதில் ஒரு கோடுகூடச் சேர்க்கக் கூடாது என்றார். பொங்கல் விடுமுறையில் அவருடைய பள்ளி ஹாலில் ஒரு கண்காட்சி வைக்க அப்போது ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. இந்தப் படத்தை வாசலுக்கு நேரே மாட்ட வேண்டும் என்று முடிவானது. எல்லோரும் இறங்கிப் போகும்போது பாய் மட்டும் படிக்கட்டில் நின்றார்.

“அவியகிட்ட கேட்டீங்களா டீச்சர்?”

“கேட்டேன் பாய். சரின்னாங்க.”

எதற்காக அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். கேட்டால் அக்கா வேண்டாம் என்பார் என்று எனக்குத் தெரியும், அதுதான் காரணம். வீட்டுக்குப் போனதும் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். அந்த மூன்று வாரமும் அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேச முடியாமல், வழக்கத்தைவிட அதிகமாக ஊரைச் சுற்றினேன்.

கண்காட்சிக்கு நாங்கள் எதிர்பார்க்காத கூட்டம். பஞ்சாலைத் தொழிலாளர்கள், கடைக்காரர்கள், குழந்தைகளோடு குடும்பங்கள் என்று வந்தபடி இருந்தார்கள். பாயின் மாடுகளுக்கு முன்னால் நின்று, ராசிக்குப் பார்க்கும் சுழி சரியாக இருக்கிறதா என்று விவசாயிகள் தர்க்கம் செய்தார்கள். எங்கள் தெருப் பெண்கள் காலையில் வந்து பார்த்துவிட்டு, தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டே வேகமாகத் திரும்பிப் போனார்கள்.

அரை மணி நேரத்தில் அக்கா வந்தார். பாதி வேலையில் எழுந்து வந்திருந்தார், விரல்களில் பசை இன்னும் ஈரமாக இருந்தது. வாசலுக்கு நேரே படம். அதற்கு முன்னால் நின்றார். சுற்றி நின்றவர்கள் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நான் பக்கத்தில் போனேன்.

“இது நாந்தானே டீச்சர்?”

“ஆமாக்கா.”

“வாயத் தொறந்துகிட்டா தூங்குதேன்?”

அவர் குரலை உயர்த்தவில்லை. “சொல்லியிருந்தா ஒரு நல்ல சேலையாவது கட்டியிருப்பேன்” என்றார். பிறகு முந்தானையை இழுத்து, படத்தில் ரவிக்கை கிழிந்திருந்த அதே தோளை மூடிக்கொண்டு வெளியே போனார். அன்று அவர் போட்டிருந்த ரவிக்கையில் கிழிசல் இல்லை.

நான் நாற்காலி போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினேன். ஓவிய ஆசிரியர் ஓடிவந்தார். இன்னும் ஒரு நாள் இருக்கிறது, இதைக் கழற்றினால் கண்காட்சிக்கே உயிர் இல்லை என்றார். கேட்காமல் வரைந்தேன், கேட்டதாகப் பொய்யும் சொன்னேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். ஸ்டூடியோக்காரர்தான் முதலில் பேசினார்.

“இருவது வருசமா மூஞ்சியப் படம் எடுக்கேன். தன் படத்தப் பாத்து இதுதான் நான்னு ஒருத்தரும் ஒத்துக்கிட்டதில்ல. அதுக்குத்தான் பென்சிலும் கையுமா உக்காந்திருக்கேன். நீங்க மனசப் போட்டு உழப்பாதீங்க டீச்சர்.”

பாய் அதை ஒப்புக்கொள்ளவில்லை. தன்னிடம் பொய் சொன்னது பெரிதில்லை, போய் அந்த அம்மாவிடம் பேசுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு மாடுகள் பக்கம் நகர்ந்துவிட்டார்.

பேசுவது அவ்வளவு சுலபமாக இல்லை. அக்கா சண்டை போட்டிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன். அவர் எப்போதும்போலத் தண்ணீர் பிடிக்கக் கூப்பிட்டார், குழம்பு கொடுத்துவிட்டார். ஆனால் நான் முன்கட்டுக்குப் போனால் உடனே நிமிர்ந்து உட்கார்ந்து சேலையைச் சரி செய்துகொண்டார். அதை என்னால் தாங்க முடியவில்லை. வேறு வீடு பார்க்கலாமா என்றுகூட இரண்டு தெரு அலைந்தேன். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம், போய் எதிரே உட்கார்ந்து, நான் செய்தது தப்பு அக்கா என்றேன். அவர் ஒட்டிக்கொண்டிருந்த பெட்டியை முடித்துப் போட்டார்.

“அதக் கொண்டாங்க, பாப்போம்.”

கொண்டுவந்து கொடுத்தேன். கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். இவ்வளவு அசந்துபோயா இருக்கிறேன் என்று கேட்டார். என்னிடம் கேட்டதுபோல இல்லை. தன் அம்மாவும் இப்படித்தான் வாயைத் திறந்துகொண்டு தூங்குவாள் என்றார். பிறகு, முழித்திருக்கும்போது ஒரு படம் வரைந்து கொடுக்கச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு நான் ஸ்டூடியோ மாடிக்குப் போகவில்லை. அக்கா அரக்குச் சேலை கட்டி, பூ வைத்து, ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். ஐந்து நிமிடம்கூட அவரால் சும்மா இருக்க முடியவில்லை. அடுப்பைப் பார்த்துவர எழுந்தார். பெட்டி வாங்க ஆள் வந்தது என்று எழுந்தார். திரும்பி வந்து, வெறும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார். கடைசியில் நானே நாலு சில்லையும் தாளையும் அவர் மடியில் வைத்தேன். வைத்ததும் கை ஓட ஆரம்பித்தது, முகம் குனிந்துவிட்டது. அவர் எழும்போதெல்லாம் நான் பென்சிலோடு காத்திருந்தேன். படம் சுமாராகத்தான் வந்தது. மூக்கு கொஞ்சம் கோணல். அக்கா அதைப் பார்த்துவிட்டு, சேலைக்கரை நன்றாக வந்திருக்கிறது என்றார். இரண்டு படங்களும் தன்னிடமே இருக்கட்டும் என்று கேட்டார். கொடுத்துவிட்டேன். அரக்குச் சேலைப் படம் மறுநாளே சுவருக்கு வந்தது. மற்றதை டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்தார்.

அடுத்த வருடக் கண்காட்சிக்குத் தூங்கும் படத்தைத் தரும்படி ஓவிய ஆசிரியர் இரண்டு முறை கேட்டார். அது என்னுடையது இல்லை என்றேன். அவருக்குக் கோபம், ஒரு மாதம் என் படங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருடம் நான் கொடுத்தது கழுகுமலைப் பாறை. அதை முடிக்க நாலு ஞாயிறு ஆயிற்று. நடுவில் எத்தனையோ முறை எழுந்து நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். வாசலுக்கு நேரே பாயின் காளையை மாட்டினார்கள். என் பாறை இரண்டாம் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் முன்னால் யாரும் அதிக நேரம் நிற்கவில்லை.