மூடாமல் விட்ட நான்காம் ஓரம்

பழமலைநாதர் திருவடி தலைமேல் இருக்க, விருத்தாம்பிகை அன்னையின் அருள் நாவில் நிற்க, இதைத் தொடங்குகிறேன். இன்று மாசி மகம். மணிமுத்தாற்றில் நீராடி, தரிசனம் முடித்து வீடு திரும்பியபோது வாசலில் கௌரி நின்றிருந்தாள். அவள் பையைத் திறந்ததும் காய்ந்த வேப்பிலையும் பழம்பருத்தியும் கலந்த வாசனை எழுந்தது.

"டீச்சர், இத்த கொஞ்சம் தெச்சிக் குடுங்க. ஓரமெல்லாம் விட்டுப்போச்சி."

நான் வாழ்நாளில் தைத்த ஒரே போர்வை அது.

கௌரியின் தாய் ராஜேஸ்வரி, நான் தமிழாசிரியையாகச் சேர்ந்த பள்ளியில் தையலாசிரியை. அவருடைய முதற்கரு நிலைக்கவில்லை. மறுமுறை கருவுற்றதும் மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: பிள்ளை பிறக்கும்வரை, அதற்கென்று தாய் ஊசி பிடிக்கலாகாது, பிறர் தைத்தால் தடையில்லை. பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் கிடத்துவதும் எங்கள் பக்கத்து வழக்கமன்று. ஆகவே ராஜேஸ்வரி தம் தாயின் பழம்புடவைகளைத் துவைத்து மடித்து என்னிடம் கொண்டுவந்தார்.

"ஊர்ல டெய்லருங்களா இல்ல? எனக்கு பட்டன் தெக்கவே வராதுங்க."

"மெஷின் தையல் முதுகுல உறுத்தும் டீச்சர். நீங்க பதிகம் பாடிக்கிட்டே தெச்சீங்கன்னா இந்தப் புள்ள நல்லபடியா வந்துடும்னு தோணுது."

பள்ளி விட்டபின் தையலறைத் தரையில் அமர்ந்தோம். கீழே புடவை, நடுவே வேட்டி, மேலே புடவை. அவர் கணவர் பீங்கான் ஆலையில் வேலை பார்த்தவர். அங்கே கழித்த பியூஸ் கட்டைகளை மூலைக்கொன்றாகப் பாரம் வைத்தோம்.

கரும்பலகையில் எழுதிப் பழகிய என் கை ஓரத்திலிருந்து தொடங்கியது. போர்வையின் நடுப்பகுதி பூரிபோல் உப்பிவிட்டது.

"நடுவுலேருந்து வெளிய வரணுங்க. காத்த வெளிய தள்ளிக்கிட்டே வாங்க."

மறுபடி நடுவிலிருந்து வந்தேன். பாட்டின் தாளத்துக்கே ஊசி ஓடியதால், தாலாட்டு நடையில் நெல்மணிபோல் இருந்த தையல், துள்ளல் நடை வந்ததும் தாவித் தாவிப் போயிற்று.

"பாட்டு ஓடுனா ஓடட்டும், தையல் ஏன் டீச்சர் கூடவே ஓடுது? இந்தச் சந்துல புள்ளையோட கால்வெரல் மாட்டிக்கும்."

சொல்லும்போதே அவர் கை ஊசியை நோக்கி நீளும். உடனே முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கத்தரிக்கோலை எடுத்தார்.

"தெக்கக் கூடாதுன்னுதான சொன்னாங்க, பிரிக்கக் கூடாதுன்னு சொல்லலியே!"

அன்றுமுதல் நான் தைப்பேன், அவர் பிரிப்பார். துணியில் ஒரு கீறல் விழாமல், என் மனமும் நோகாமல் பிரித்தார். அந்தப் பொறுமையை நான் எந்த விரதத்திலும் கற்றதில்லை.

மூன்று ஓரங்களை மடித்துத் தைத்தபின் ஊசியைக் குத்தி நிறுத்தினேன்.

"இந்த ஓரம் உங்களுக்குங்க. புள்ள பொறந்தப்புறம் நீங்களே மூடுங்க."

திறந்த அந்த ஓரத்தைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் இருந்தார். கௌரி பிறந்ததும், பிள்ளைப்பேற்றுக் கட்டிலில் சாய்ந்தவாறே அதை மூடினார். அதன் பிறகே குழந்தையை அதில் கிடத்தினார்கள்.

ராஜேஸ்வரி சென்ற ஆண்டு மறைந்துவிட்டார். இன்று கௌரி போர்வையை மடியில் விரித்துக் கேட்டாள்: "இதுல அம்மா தெச்சது எதுங்க?"

விட்டுப்போன மூன்று ஓரங்களும் என்னுடையவை. விடாமல் நின்ற நான்காவதன்மேல் அவள் விரலை வைத்தேன். அவள் விரலை எடுக்கவேயில்லை.

புடவைகளின் நிறம் போயிற்று. தையலறையில் இன்று கணினிகள் இருக்கின்றன. மூக்குக்கண்ணாடியை மாட்டி, மெதுவான பதிகமாகப் பார்த்துத் தொடங்கி, ஊசியை எடுத்திருக்கிறேன். கோணினால் பிரித்துத் தரத்தான் ஆளில்லை.

இதைப் படிக்கும் எல்லோர் இல்லத்துப் பிள்ளைகளும் தாயின் கைச்சூட்டில் உறங்கி, நிறைந்த ஆயுளோடு விழித்தெழ அன்னை அருள்வாளாக.