பலகாரம் சுட அவளைக் கூப்பிடாத வருஷம்

டிசம்பர் பிறந்தால் எங்கள் வீட்டில் யாரும் நிதானமாக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. என் கணவர் பழவேற்காட்டில் இறாலும் நண்டும் வாங்கி ஐஸ் போட்டுச் சென்னைக்கு அனுப்புகிறவர். கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க அவருடைய ஃபோன் ஓயாது. நான் வீட்டிலேயே ஜாக்கெட்டும் கவுனும் தைக்கிறேன். பண்டிகைத் துணியெல்லாம் கடைசிப் பத்து நாளில்தான் வந்து குவியும். பெண்கள் இரண்டு பேருக்கும் அரையாண்டுப் பரீட்சை, அது முடிந்த கையோடு கோயிலில் பாட்டு ஒத்திகை. மழை விட்ட நேரம் பார்த்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். வாசலில் ஸ்டார் கட்டினால் மறுநாளே பல்பு போய்விடும், திரும்ப ஏணி போட வேண்டும். இத்தனைக்கும் நடுவில் ஒரு சனிக்கிழமையைப் பலகாரத்துக்கென்று ஒதுக்கிவிடுவோம்.

அந்த ஒரு நாளில் அத்தனையும் சுட்டு முடிந்ததற்குக் காரணம் பின்வீட்டுக்காரிதான். கோட்டைக்குப்பத்துப் பெண். கடல்தொழில் செய்கிற இந்துக் குடும்பம். என்னைவிட எட்டு வயது சின்னவள். கல்யாணமாகி எங்கள் தெருவுக்கு வந்த முதல் டிசம்பரில், நான் அச்சு முறுக்கோடு போராடிக்கொண்டிருந்ததைக் கொல்லைப் பக்கத்திலிருந்து பார்த்தாள். முறுக்கு அச்சைவிட்டு இறங்காமல் எண்ணெயில் உடைந்து உடைந்து விழுந்துகொண்டிருந்தது. கிட்டே வந்து அச்சுக் கம்பியைக் கையில் வாங்கினாள். இரண்டு முறை அவளுக்கும் உடைந்தது. மூன்றாவது பூப்போல எண்ணெயில் மிதந்தது.

"மாவுல முழுசா முக்காதக்கா. கழுத்து வரைக்கும்தான். தலை முழுவிட்டா அது எப்டி எறங்கும்?" என்றாள்.

அதிலிருந்து பதினோரு வருஷம் அடுப்பு அவள் கையில்தான். நான் மாவு பிசைவேன், கல்கல் உருட்டுவேன். அவள் பேசிக்கொண்டே சுடுவாள். வீட்டில் கணவனோடு போட்ட சண்டையெல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வரும். சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள்.

பன்னிரண்டாவது வருஷம் ஐப்பசியில் அவள் கணவன் இறந்துபோனான். ஃபைபர் படகில் மூன்று பேர் கடலிலிருந்து திரும்பியிருக்கிறார்கள். முகத்துவாரத்தில் அலை படகைப் புரட்டிவிட்டது. இரண்டு பேர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். அவனை மறுநாள்தான் மணல்மேட்டில் கண்டெடுத்தார்கள். நான் அவள் வீட்டிலேயே இருந்தேன். கருமாதி முடிகிறவரை அவள் பையனுக்கும் அவளுடைய அம்மாவுக்கும் எங்கள் வீட்டிலிருந்துதான் சாப்பாடு. அதையெல்லாம் நான் மனதாரச் செய்தேன்.

டிசம்பர் வந்தது. மாதவரத்திலிருக்கும் என் ஓரகத்தி அந்த வருஷம் பிள்ளைகளோடு முன்னதாகவே வருவதாக ஃபோனில் சொன்னாள். பேச்சின் முடிவில் கேட்டாள், "இந்தத் தபாவும் அவதான் அடுப்புல உக்காரப் போறாளா?"

"ஏன்?"

"சும்மாதான் கேட்டேன். பண்டிகப் பலகாரம். நாலு ஊட்டுக்குக் குடுக்கறோம்."

"பாக்கலாம்" என்று வைத்துவிட்டேன்.

புருஷனை இழந்தவள் கை படக் கூடாது என்று எங்கள் வேதத்தில் இல்லை. சாமியார் பிரசங்கத்திலேயே சொல்லியிருக்கிறார். ஆனால் என் அம்மா வீட்டிலும் மாமியார் வீட்டிலும் அதைப் பார்க்காதவர்கள் யாரும் இல்லை. நானும் அப்படி வளர்ந்தவள்தான். துக்கத்தில் இருக்கிறாள், அவளை எதற்குச் சிரமப்படுத்த வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்க நன்றாக இருந்ததால் நானே அதை நம்பவும் செய்தேன். அவளிடம் இந்த நாள் என்று சொல்லவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் அரிசி ஊறப்போட்டதும், நான் மில்லுக்கு மாவரைக்கப் போனதும் பின்வீட்டுக்குத் தெரியாமல் இருக்குமா?

சனிக்கிழமை காலை எட்டு மணி இருக்கும். கொல்லையில் தகரக் கூரைக்குக் கீழே ஓரகத்தி அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அப்போது பின்வீட்டுக்காரி வந்தாள். தலைக்கு ஊற்றியிருந்தாள். கூந்தல் நுனியில் இன்னும் தண்ணீர் சொட்டியது. பலகார நாளுக்கென்றே எடுத்து வைத்திருந்த எண்ணெய்க் கறை படிந்த பழைய புடவை. எங்கள் வீட்டு மணை ஆடும் என்று வருஷா வருஷம் தன்னுடையதைத்தான் கொண்டுவருவாள். அன்றைக்கும் அது கையில் இருந்தது.

அடுப்படியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, எல்லாரும் ஆரம்பிச்சிட்டீங்களா" என்றாள்.

"ஒனக்கு எதுக்குச் சிரமம்னுதான்..." என்று இழுத்தேன்.

"அய்ய, நான் தீப்பெட்டி கேக்கத்தான் வந்தேன்க்கா. ஊட்ல தீந்துபோச்சு."

அவள் வீட்டு கேஸ் அடுப்புக்கு லைட்டர் வாங்கிக் கொடுத்ததே நான்தான். உள்ளே போய்த் தீப்பெட்டி எடுத்து வந்து கொடுத்தேன். என் சின்னப் பெண், "அத்தை உக்காரலியா?" என்று கேட்டாள். "அத்தைக்கு வேலை இருக்குதும்மா" என்று அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டு, ஒரு கையில் மணையும் ஒரு கையில் தீப்பெட்டியுமாகப் போய்விட்டாள்.

'வா, உக்காரு' என்று சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. சொல்லியிருந்தால் ஓரகத்தி அரை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். அவ்வளவுதான் நடந்திருக்கும். நான் எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

சாயங்காலம் ஒரு தூக்கு நிறையப் பலகாரம் கொடுத்தனுப்பினேன். கழுவித் துடைத்து, வெறும் பாத்திரமாகத் தரக் கூடாதென்று ஒரு பிடி சர்க்கரை போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தாள். கோபம் எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த டிசம்பரில் இரண்டு வாரம் முன்னதாகவே அவள் வாசலில் போய் நின்றேன். அதற்குள் அவள் மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள்.

"சனிக்கெழம லீவு குடுக்க மாட்டாங்கக்கா."

"ஞாயித்துக்கெழம வெச்சிக்கலாம்."

"அன்னிக்கித்தான் துணி தொவைக்கணும்" என்று சிரித்தாள். அதற்கு அடுத்த வருஷம் பையனோடும் அம்மாவோடும் மீஞ்சூருக்கே குடி போய்விட்டாள்.

போன டிசம்பரில் லைனிங் துணி வாங்கச் சென்னைக்குக் கிளம்பி, பொன்னேரியில் ரயில் ஏறினேன். தாலுக்கா ஆபீஸுக்கு வந்து திரும்புகிறவளாக அவளும் அதே பெட்டியில் இருந்தாள். பக்கத்தில் இடம் விட்டாள். மீஞ்சூர் வரை நடுவில் ஒரே ஒரு ஸ்டேஷன். பிள்ளைகளைப் பற்றி விசாரித்து முடிப்பதற்குள் அதுவும் தாண்டிவிட்டது.

"அன்னிக்கி நான் உன்ன உக்காரச் சொல்லியிருக்கணும்" என்றேன்.

என்றைக்கு என்று அவள் கேட்கவில்லை.

"நான்தான் வந்திருக்கக் கூடாதுக்கா. எங்க அம்மா அன்னிக்கே சொல்லிச்சு, போவாதடீன்னு. அக்கா ஊட்ல அதெல்லாம் பாக்க மாட்டாங்கனு நான்தான் சண்டை போட்டுக்கினு வந்தேன்."

ரயில் மீஞ்சூரில் நின்றது. வீடு எங்கே என்று மட்டும் அவசரமாகக் கேட்டுக்கொண்டேன்.

பண்டிகைக்கு முந்தின நாள், தைத்து முடிக்காத நான்கு ஜாக்கெட்டை அப்படியே போட்டுவிட்டு, பலகாரத்தோடு அவள் வீட்டுக்குப் போனேன். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் சின்ன வீடு. சந்தோஷமாகத்தான் வரவேற்றாள். ஃபேன் போட்டாள். கடைக்கு ஓடிப்போய்க் கூல்டிரிங்ஸ் வாங்கிவந்து, டம்ளரை முந்தானையில் துடைத்து ஊற்றிக் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கிறவரை நின்றுகொண்டே இருந்தாள்.

"சாப்புடுங்கக்கா. ஊட்ல வேலை தலைக்கு மேல கெடக்கும், எங்களுக்காக இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க" என்றாள்.

பதினோரு வருஷமும் அவள் என்னை நீ, வா, போ என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.