பெண்கள் பக்கம்

சனிக்கிழமை மதியக் காட்சிக்கு விளக்கை அணைத்ததும் போடிநாயக்கனூர்க் கொட்டகையின் பெண்கள் பக்கத்தில் ஏலக்காய் மணக்கத் தொடங்கும். காலையிலிருந்து குடோனில் காய் பொறுக்கிவிட்டு, கைகாலை மட்டும் கழுவிக்கொண்டு நேராக வந்து உட்கார்ந்த ஐம்பது அறுபது பெண்களின் சேலையிலும் தலைமுடியிலும் நகக்கண்ணிலும் ஏறியிருந்த அந்த மணம், மின்விசிறி சுற்றச் சுற்றத் திரண்டு, தலையில் வைத்திருந்த மல்லிகையின் வாசத்தையும் மூத்திரச் சந்திலிருந்து வந்த வீச்சத்தையும் சேர்த்தே அமுக்கிவிடும். இடுப்பளவுச் சுவர் ஒன்று ஆண்கள் பக்கத்தை எங்களிடமிருந்து பிரித்திருந்தது. முதுகு சாய வழியில்லாத பெஞ்சுகள், அவற்றின் இடுக்குகளில் மூட்டைப்பூச்சிகள், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து விசில். கொட்டகையைச் சொர்க்கம் என்று சொல்ல நான் வரவில்லை. அங்கே என் அம்மா மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள், அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அம்மாவின் பெயர் செல்லத்தாய். வாரம் முழுவதும் குடோனில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, முன்னால் குவித்த ஏலக்காயில் பச்சைக் காயைத் தனியாகவும் வெளுத்த காயைத் தனியாகவும் வெடித்ததைத் தனியாகவும் பிரித்துப் போடுகிற சோலி அவளுக்கு. அதுவும் உட்கார்ந்து செய்கிற வேலைதான் என்றாலும், அதை உட்காருவது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்கு வந்தால் அடுப்பு, குழாயடி, மாவாட்டல், நான், என் தம்பி, ராசிங்காபுரத்திலிருந்து மாதத்தில் பாதி நாள் வந்து தங்கிவிடுகிற அப்பாவின் அக்கா. சனிக்கிழமை குடோனில் அரை நாள்தான். அன்றைக்கு மட்டும், பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்குகிற நூரம்மாவுடன், என்னையும் கையில் பிடித்துக்கொண்டு, அம்மா மதியக் காட்சிக்குப் போவாள். நூர்ஜகான் என்ற அவளுடைய பெயரைக் குடோன் முழுக்க நூரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

கொட்டகைக்குள் அம்மா வேறு ஆளாக இருப்பாள். காலை மடக்கிப் பெஞ்சின் மேல் வைத்துக்கொள்வாள், வாய்விட்டுச் சிரிப்பாள், வில்லனை "நாசமாப் போறவனே" என்று சத்தமாகத் திட்டுவாள், அழ வேண்டிய இடத்தில் நூரம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு அழுவாள். நான் தண்ணீர் கேட்டால், "இடைவேளை வரைக்கும் பொறு" என்பாள். வீட்டில் எதற்கும் பொறு என்று சொல்லத் தெரியாதவள் அவள்.

எனக்குப் பத்து வயதிருக்கும். அது மழைக்காலம். அப்பா தங்கராசு குரங்கணிப் பாதையில் ஜீப்பு ஓட்டிக்கொண்டிருந்தார். விடிவதற்கு முன் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனால், இருட்டிய பிறகுதான் காபிக் கொட்டை லோடோடு இறங்குவார். அம்மா சனிக்கிழமைதோறும் கொட்டகைக்குப் போவது அவருக்குத் தெரியும், ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார். அவர் வருவதற்குள் அவள் வந்துவிடுவாள் என்பதால் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. அந்தச் சனிக்கிழமை மலையில் மழை கொட்டி, பாதையில் ஓடை பெருகிப் போனதால் ஜீப்பைப் பாதி வழியில் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். வீடு பூட்டிக் கிடந்தது. தம்பி பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தான். நனைந்த சட்டையோடு அவர் வாசலில் நிற்க, தெருவில் போகிறவர்கள் எல்லாம், "என்னண்ணே, வெளியவே நிக்கிறிய?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் கேள்வி நாலைந்து தரம் விழுந்திருக்க வேண்டும்.

கொட்டகையில் படம் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. புகுந்த வீட்டாரிடம் பட்ட பாடெல்லாம் போதும் என்று கதாநாயகி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில்வே ஸ்டேஷனில் வந்து நிற்கிறாள், ரயில் வருகிறது. பெண்கள் பக்கத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அந்த நேரத்தில் படத்தின் மேலேயே கோணல் மாணலான எழுத்துகள் வந்து நின்றன. வீட்டில் அவசரம் என்று யாராவது வாசலில் வந்து சொன்னால், கண்ணாடிச் சில்லில் எழுதித் திரையில் காட்டுவது அந்தக் காலத்துக் கொட்டகை வழக்கம். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வராது. நான்தான் வாசித்தேன், "டிரைவர் தங்கராசு சம்சாரம் உடனே வெளியே வரவும்" என்று. "அம்மா, நம்ம அப்பா பேரு!" என்று எழுந்து நின்று கத்தினேன். அவ்வளவு பெரிய திரையில் எங்கள் அப்பாவின் பெயர் வந்ததில் எனக்கு அப்படி ஒரு பெருமை. அம்மாவின் பெயர் அதில் இல்லை என்பது எனக்கு உறைப்பதற்குப் பல வருஷங்கள் ஆயின.

அம்மா ஓடினாள். ஜீப்பு பள்ளத்தில் விழுந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்திருப்பாள். அந்த ஊரில் ஜீப்பு டிரைவர்களின் பெண்டாட்டிமார்களுக்கு நெஞ்சில் எப்போதும் இருக்கிற பயம் அது. இருட்டில் காலை இடித்துக்கொண்டு, யார் யார் மடியிலோ விழுந்து எழுந்து, செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். வெளியே வெயிலும் தூறலுமாக இருந்தது. டிக்கெட் கொடுக்கிற ஜன்னலுக்குப் பக்கத்தில் அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

"சாவியக் கொண்டா" என்றார்.

அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து நீட்டினாள். "இம்புட்டுத்தானா?" என்று கேட்டாள். அவள் அப்பாவிடம் அப்படிக் கேட்டதை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"தெருவே பாக்குது, வீடு பூட்டிக் கெடக்கு" என்றார் அப்பா. அம்மா திரும்பிக் கொட்டகையைப் பார்த்து ஓர் எட்டு வைத்தாள்.

"எங்க போற?"

"செருப்பு உள்ள கெடக்கு."

"நூரு கொண்டாருவா. வெரசா வா."

அவர் கை ஓங்கவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. அப்பா அடிக்கிறவர் இல்லை என்று ஊரில் நல்ல பெயர் அவருக்கு. அம்மா வெறுங்காலோடு ஈரத் தெருவில் அவருக்குப் பின்னால் நடந்தாள். உள்ளே ரயிலின் ஊதல் கேட்டது, அதையடுத்துப் பெண்கள் எல்லோரும் ஒன்றாக ஏதோ கத்துவதும் கேட்டது. வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம் அப்பாவுக்குக் காபி போட்டதுதான்.

இரண்டு வாரம் கழித்து அப்பா ஜீப்பிலேயே ஒரு கலர் டிவியை ஏற்றிக்கொண்டு வந்தார். தெருவில் முதல் கலர் டிவி அது. கேபிள்காரர் மாடிக்கு மாடி ஒயரை இழுத்துக் கட்டிக் கொடுத்தார். ராசிங்காபுரத்து அத்தை முற்றத்தில் நின்று, "கொட்டகையவே வீட்டுக்குக் கொண்டாந்துட்டான் எந்தம்பி. எவன் செய்வான் இப்படி? இனிமே ஒனக்கு என்னாத்தா கொறை?" என்று அம்மாவிடம் கேட்டாள். தெருவும் அதையே கேட்டது. அடித்திருந்தால் இரண்டு பேராவது அம்மாவின் பக்கம் பேசியிருப்பார்கள். டிவி வாங்கிக் கொடுத்தவனை என்ன சொல்ல முடியும்? எனக்கும் தம்பிக்கும் தரையில் கால் பாவவில்லை. அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை நூரம்மா வாசலில் வந்து நின்று, "வர்றியா செல்லத்தாயி?" என்று கேட்டாள். அம்மா பதில் சொல்வதற்குள் அத்தை உள்ளிருந்தே, "எதுக்கு? வீட்லயேதான் இருக்குல்ல, நீயும் வந்து பாரு" என்றாள். நூரம்மா ஒருநாள் வந்தும் பார்த்தாள். எங்கள் சித்தப்பாவும் அப்பாவின் கூட்டாளிகளும் கட்டிலையும் நாற்காலிகளையும் நிறைத்து உட்கார்ந்திருக்க, நிலைப்படி ஓரமாக முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தவள், "வர்றேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அப்புறம் வரவில்லை. குடோனில் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள். ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்ததை நான் பிறகு பார்க்கவில்லை.

வீட்டில் படம் ஓடினால் அம்மாவுக்கு வேலை கூடிப்போனது. வந்தவர்களுக்கெல்லாம் காபி போட வேண்டும், பாட்டு வந்தால் வடை சுட வேண்டும், சண்டை வந்தால் தம்பிக்குச் சோறு பிசைந்து ஊட்ட வேண்டும். அடுப்படி நிலையில் ஒரு கையை ஊன்றி, கரண்டியோடு நின்றபடி எட்டிப் பார்ப்பாள். "செல்லத்தா" என்று யாராவது கூப்பிட்டவுடன் உள்ளே போய்விடுவாள். ஒரு படத்தையாவது அவள் உட்கார்ந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் பெயரென்னவோ, "அவளுக்காகத்தான் டிவி வாங்குனேன்" என்பது. அப்பா சாகிற வரைக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதை அவர் நம்பினார் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பாதியில் அவளை எழுப்பிக்கொண்டு வந்த அந்தப் படம் நான் எட்டாவது படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் வந்தது. வாரம் முழுக்க விளம்பரம் போட்டார்கள். அன்றைக்கு அம்மா காலையிலேயே குழம்பையும் பொரியலையும் முடித்து, துணி துவைத்து, ஃபிளாஸ்க்கில் காபி ஊற்றி வைத்து, சாயங்காலத்துக்கு மாவையும் கரைத்துவிட்டு, படம் தொடங்கும்போது எனக்குப் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தாள். அத்தை இரண்டு தரம் எழுப்பினாள், அப்பா மூன்று தரம். ஒவ்வொரு தரமும் ஓடிப்போய்ச் செய்துவிட்டு ஓடி வந்து உட்கார்ந்தாள். கதாநாயகி பெட்டியை எடுத்துவிட்டாள். அம்மா காலை மடக்கி வைத்துக்கொண்டாள்.

அப்போது நான், "அம்மா, ஒரு தோசை ஊத்திக் குடும்மா" என்றேன்.

பசி இல்லை. இதைத்தான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. படம் பார்க்கும்போது எதையாவது தின்ன வேண்டும்போல இருந்தது, கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான். அந்த வீட்டில் அப்பாவும் அத்தையும் எப்படிக் கேட்டார்களோ, அதே குரலில் கேட்டேன். அம்மா என்னை ஒரு கணம் பார்த்தாள். "முடியட்டுமே" என்று சொல்லப் போகிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. எழுந்து போனாள்.

அடுப்படியில் தோசைக்கல்லின் சத்தத்துக்கு மேலாக அவளுடைய குரல் வந்தது. "ரயில் ஏறிட்டாளா?"

"சும்மா இரும்மா, ஒண்ணும் கேக்க மாட்டேங்குது" என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் தட்டோடு வந்தபோது படம் முடிந்து விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. "என்னாச்சு கடைசில?" என்று கேட்டாள். அப்பா கட்டிலில் சாய்ந்தபடியே சிரித்தார். "வேற எங்க போவா? வீட்டுக்குத்தான் திரும்பி வந்துட்டா."

அம்மா தட்டை என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். நான் தோசையில் பாதியைத் தின்னாமல் வைத்தேன்.

இப்போது நான் தேனியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. எங்கள் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் முழுக்க ஒரே விவாதம், இனிமேல் தியேட்டர் நிலைக்குமா, வீட்டிலேயே எல்லாம் முடிந்துவிடுமா என்று. பெரிய திரையின் அழகைப் பற்றி ஒருவர் எழுதினார், வீட்டில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு பார்க்கிற சுகத்தைப் பற்றி இன்னொருவர் எழுதினார், பாப்கார்ன் விற்கிற விலையைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். வீட்டில் பார்க்கும்போது எழுந்து போகிறவர் யார் என்று மட்டும் யாரும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. அந்த விவாதத்தை அடுப்படி நிலையில் நின்றுதான் நான் வாசித்தேன், குக்கர் விசிலை எண்ணிக்கொண்டு.

போடியில் அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது ஜவுளிக்கடை ஒன்றின் வண்டி நிறுத்துமிடம் இருக்கிறது. இடுப்பளவுச் சுவரும் பெண்கள் பக்கமும் போய்விட்டன. அவை போனது நல்லதுதான் என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. பெண்களை ஒதுக்கி வைத்த சுவர்தான் அது. ஆனால் அதற்குப் பிறகு, யாரும் கை நீட்டி எட்ட முடியாத ஓர் இடம் அந்தப் பெண்களுக்கு ஊரில் கிடைக்கவே இல்லை. நூரம்மா மகனோடு கம்பத்துக்குப் போய், அங்கேயே மௌத்தாகிவிட்டாள். சாவுச் சேதி அம்மாவுக்குப் பத்து நாள் கழித்துத்தான் வந்தது.

போன விடுமுறையில் அம்மா என் வீட்டில் இருந்தாள். கூடத்துச் சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிற டிவியில் என் மகன் அவளுக்காக ஒரு படம் போட்டான். கால் மணி நேரத்துக்குள் அவள் எழுந்தாள். அடுப்பில் பால் இருந்தது.

"அம்மாச்சி, எந்திரிச்சா என்ன? இப்பல்லாம் படத்த நிப்பாட்டி வைக்கலாம்" என்று ரிமோட்டை அமுக்கிக் காட்டினான். திரையில் ஒரு பெண் வாயைத் திறந்தபடி அசையாமல் நின்றாள்.

அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "படத்த நிப்பாட்டலாம் அப்பு. சோலிய யாரு நிப்பாட்டுறது?" என்றாள்.

அவனுக்கு அது விளங்கவில்லை. சிரித்துவிட்டுப் படத்தை ஓடவிட்டான். அம்மா அடுப்படிக்குப் போனாள். நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன், அவள்தான் போய்விட்டாளே என்று.