பேய்ப்படம் பார்த்த சாட்சிகள்

அரசு மாணவியர் விடுதியில் ஒரு பெண் சேர வேண்டுமானால் விதிப்படி நான்கு தாள்கள் போதும்: எட்டாம் வகுப்புத் தேறிய சான்று, சாதிச் சான்று, வருமானச் சான்று, பெற்றோர் ஒப்பமிட்ட விண்ணப்பம். பேய்ப்படம் ஒன்றைப் பற்றி ஊரார் என்ன நினைக்கிறார்கள் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. பின்னாளில் அப்படிப்பட்ட விடுதிகளின் கோப்புகளையே முப்பது ஆண்டுகளுக்கு மேல் புரட்டி ஓய்வு பெற்றவள் நான். இருந்திருந்தால் என் கண்ணில் படாமல் போயிருக்காது. ஆனால் என் விஷயத்தில், நான்கு தாள்களும் தகரப் பெட்டியில் தயாராக இருக்க, ஊர் கேட்டது ஐந்தாவதைத்தான்.

அந்தக் கோடையை நினைத்தால் முதலில் வருவது ஒரு வாசனை. எங்கள் மலைமேல் இருக்கும் சோளக்காடு என்ற ஊரின் சந்தையில் விலைபோகாமல் வெடித்துக் கிடந்த பலாப்பழமும், டீசல் இஞ்சின் புகையும், மழையில் நனைந்து காய்ந்த கித்தானும் கலந்த வாசனை. அந்த வருடம் சந்தைக்குப் பக்கத்தில் "டூரிங் கொட்டாய்" வந்து இறங்கியிருந்தது. வளப்பூர் நாட்டு மலையூர்களிலிருந்து மிளகு மூட்டையோடு பஸ் ஏறி வந்தவர்கள், மூட்டையை விற்றுவிட்டு முதல் ஆட்டம் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்கள். என்னையும் அப்பா அழைத்துப் போனார். வயது வந்தவர்களுக்கு மட்டும் என்று சுவரொட்டியின் மூலையில் போட்டிருந்ததை வாசலில் நின்றவர் தன் முதுகால் மறைத்துக்கொண்டிருந்தார்.

கதை இதுதான். மலைமேல் ஒரு பெண்கள் விடுதி. பதினாறு வயது மாணவிகள் ஐந்து பேர். பூட்டியே கிடக்கும் ஓர் அறை. முன்பு அங்கே இறந்துபோன மாணவி ஒருத்தி வெள்ளைப் பாவாடையோடு வந்து அவர்களை ஒவ்வொருத்தியாகக் கூட்டிக்கொண்டு போகிறாள். நான்கு பேர் போன பிறகு, ஐந்தாமவள் பழைய வருகைப் பதிவேட்டைத் தேடி எடுத்து, வார்டன் அடித்துவிட்டிருந்த பெயரைப் படித்து, அந்தப் பெயரைச் சொல்லி அழைக்கிறாள். பேய் அழுதுகொண்டே மறைந்துவிடுகிறது. காற்றில் திரை உப்பியபோதெல்லாம் பேயின் முகமும் உப்பியது. அதுவும் படக்காரர்களின் கைவேலைதான் என்று பாதிப் பேர் நம்பினார்கள்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் வம்பில்லை. படத்தின் தொடக்கத்தில், "மலைப்பகுதி விடுதி ஒன்றில் நடந்த உண்மைச் சம்பவத்தைத் தழுவியது" என்று எழுத்துப் போட்டார்கள். எங்கள் ஊரில் ஒருவர் உண்மை என்று சொன்னால், பிறகு அதை விசாரிக்காமல் விடுகிற வழக்கமில்லை. அடுத்த மாதம் நான் மலையிறங்கி அடிவாரத்து விடுதியில் சேர்வதாக இருந்தது; எங்கள் ஊரிலிருந்து அப்படிப் போகவிருந்த முதல் பெண். எந்த விடுதி, எந்த மலை என்று தெரியாமல் அனுப்பலாமா என்று ஞாயிறு காலையில் கோயில் முன்னால் கூட்டம் கூடியது.

ஊர்க்கூட்டத்தின் நடைமுறை நம் அலுவலகங்களைவிடக் கறாரானது. கண்ணால் கண்டவர் மட்டும் பேசலாம். கேள்விப்பட்டவர் பேசக் கூடாது. சிறுபிள்ளைகள் வாய் திறக்கக் கூடாது. அதன்படி நான் படம் பார்த்திருந்தும் சிறுபிள்ளை. என் அம்மா பெரியவள், ஆனால் படம் பார்க்கவில்லை. ஆகவே என்னைப் பெற்றவளும் நானும் என்னைப் பற்றிப் பேசத் தகுதியற்றவர்கள். மிச்சம் ஒன்பது சாட்சிகள் இருந்தார்கள்.

லோடு ஏற்றும் துரைசாமி முதலில் எழுந்தார். "அது பேயே இல்லீங்க கவுண்டரே. கால்ல செருப்புப் போட்டிருந்துச்சு. எந்தப் பேய் செருப்புப் போடும்?"

"நீ கால வேற பாத்தியாக்கும்?" என்றார் கூட்டத்தை நடத்திய ஊர்க்கவுண்டர்.

"மூஞ்சியப் பாக்க முடியலீங்க, கால பாத்தேன்."

ஒருவர் அது பழிவாங்க வந்த பேய் என்றார். ஒருவர் அது துணை தேடி வந்தது, பாவம் என்றார். இன்னொருவர் பாட்டு மூன்றும் நன்றாக இருந்ததாகச் சொல்லி உட்கார்ந்தார். எங்கள் மலை ரோட்டில்தான் படம் எடுத்திருக்கிறார்கள், மூன்றாம் வளைவில் நிற்கும் பாறை தனக்குத் தெரியும் என்று சாதித்தார் ஒருவர். அப்பாவின் முறை வந்தது. பொய் சொல்லத் தெரியாத மனிதர். "பயமாத்தானுங்க இருந்துச்சு" என்றார். என் வழக்கை அதிகம் கெடுத்த சாட்சியம் அதுதான்.

கடைசியில், சினிமா கம்பெனிக்கே எழுதி எந்த விடுதி என்று கேட்பது, பதில் வரும்வரை பெண்ணை அனுப்புவதில்லை என்று முடிவாயிற்று. எழுதத் தெரிந்தவள் நான் என்பதால் கடிதத்தை நானே எழுதினேன். என் சேர்க்கையை நிறுத்தி வைக்கும் ஓலையை என் கையெழுத்திலேயே, பிழையில்லாமல். சினிமா நோட்டீசில் கம்பெனியின் பெயரும் அதன் கீழே மெட்ராஸ் என்ற ஒரு சொல்லும்தான் இருந்தன. தெரு, கதவு எண் இல்லாத கடிதம் போய்ச் சேர்வது கஷ்டம் என்று எங்கள் வாத்தியார் சொல்லித் தந்திருந்தார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

விடுதியில் சேரக் கடைசி நாளுக்குப் பதினைந்து நாட்களே இருந்தன. அந்தப் புதன்கிழமை, அதுவரை சினிமாவே பார்த்திராத என் அம்மா, மரவள்ளிக் காட்டில் வேலையை நிறுத்திவிட்டுக் கால் கழுவி, நல்ல சேலை கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். எங்கே என்று கேட்ட அப்பாவிடம், "பேசறதுக்குப் பேயப் பாக்கோணும்னா பாத்துட்டு வாரேன்" என்றாள்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் கூட்டம் கூட வேண்டியதாயிற்று. புதுச் சாட்சி வந்தால் கேட்டே ஆக வேண்டும் என்பதும் அதே நடைமுறைதான்.

"படம் முழுக்கப் பாத்தியா?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"பாத்தனுங்க."

"பேய் வந்தப்ப?"

"கண்ண மூடிக்கிட்டனுங்க" என்றாள் அம்மா.

கூட்டம் சிரித்தது. "அப்பப் பாதி சாட்சிதான்" என்றார் துரைசாமி.

"கண்ணத்தான் மூடுனேன். காது தொறந்துதான இருந்துச்சு?" என்று அம்மா அவர் பக்கம் திரும்பினாள். "ஏனுங்கண்ணா, நீங்க மட்டும் மூஞ்சியப் பாத்தீங்களா? ஏனுங்க கவுண்டரே, பேய் வந்தப்பக் கண்ண மூடாதவங்க யாருன்னு கை தூக்கச் சொல்லுங்க."

ஒரு கையும் எழவில்லை. அப்பா தன் கையைத் துண்டுக்குள் விட்டுக்கொண்டார். ஒன்பது சாட்சியமும் பேயைப் பொறுத்தவரை அந்த நிமிடமே தள்ளுபடி ஆயின. ஒரு கேள்வியில் ஒரு விசாரணையே கவிழ்ந்ததை அதற்குப் பிறகு என் பணிக்காலம் முழுவதிலும் நான் பார்த்ததில்லை.

"பேய உடுங்க" என்று அம்மா தொடர்ந்தாள். "கண்ணு தொறந்திருந்த நேரத்துல நான் பாத்ததச் சொல்றேன். அந்த வார்டனம்மா பொழுதுசாஞ்சா கதவச் சாத்திக்கிட்டுத் தூங்குது. புள்ளைங்க எத்தன பேர்னு ஒரு நாளும் எண்ணலை. நாம ஆட்டுக்குட்டியக்கூட எண்ணித்தான பட்டியில அடைக்கறோம்? அடுத்தது, அஞ்சு புள்ளைல தப்பிச்சது எது? அந்தப் பொஸ்தகத்தப் படிச்ச புள்ள. எனக்குப் படிக்கத் தெரியாது. அந்த ரூமுல நான் இருந்திருந்தா, அந்தப் பேரப் பாத்திருந்தும் செத்திருப்பனுங்க."

ஊர்க்கவுண்டர், "புள்ள போவட்டும். கீழ தலை எண்றாங்களான்னு அப்பன் பாத்துட்டு வரட்டும். ஆனா கடுதாசிக்குப் பதில் வந்து, அதே விடுதின்னு தெரிஞ்சா, அன்னிக்கே கூட்டிட்டு வந்தரோணும்" என்றார்.

ஆக, நான் படித்தது ஒரு தற்காலிக ஆணையின் பேரில். விடுதியில் தலை எண்ணினார்கள். அப்பா வாசலிலேயே நின்று இரண்டு நாள் அதைச் சரிபார்த்துவிட்டுத்தான் மலையேறினார். நானோ பேய்க்குப் பயப்படவில்லை, தபால்காரருக்குப் பயந்தேன். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் முதல் வேலையாகப் பதில் வந்ததா என்று கேட்பேன். இல்லை என்று அம்மா சொன்ன பிறகுதான் சாப்பாடு இறங்கும்.

கொட்டகை நின்ற இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. சென்ற மாதம் சோளக்காட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, பள்ளிப் பிள்ளைகளைப் பேய் துரத்தும் புதுப் படம் ஒன்றைப் பற்றி இரண்டு இளைஞர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். "இன்டர்வல் வரைக்கும் ஓகேடா, அப்பறம் செம மொக்க" என்றான் ஒருவன். "எப்படா பாத்த?" என்றான் மற்றவன். "பாக்கல, ரிவியூ பாத்தேன்." எங்கள் கூட்டத்தில் இவனை அந்த இடத்திலேயே உட்கார வைத்திருப்பார்கள். அப்படி உட்கார வைக்கும் கூட்டமும் இப்போது கிடையாது. ஒரு படத்தைப் பற்றிய கருத்தை நம்பி ஒருத்தியின் படிப்பு நிற்கவோ நடக்கவோ செய்த காலமும் போய்விட்டது. இரண்டாவதற்கு நான் வருத்தப்படவில்லை.

அந்தக் கடிதத்துக்கு ஒரு வழியாகப் பதில் வந்தது. பள்ளி இறுதித் தேர்வு முடித்து நான் ஊர் திரும்பிய அன்று, அம்மா கேழ்வரகுப் பானைக்குள் கையை விட்டு ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். ஊர்க்கவுண்டரிடமும் காட்டவில்லை, அப்பாவிடமும் சொல்லவில்லை. "நல்ல சேதியா கெட்ட சேதியான்னு தெரியல கண்ணு. எதுவா இருந்தாலும் பரிச்ச முடியட்டும்னு உட்டுட்டேன்" என்றாள். அட்டையின் ஒரு பக்கம் வெள்ளைப் பாவாடையில் அந்த நடிகை சிரித்துக்கொண்டிருந்தாள். மறுபக்கம், தங்கள் மேலான கருத்துக்கு நன்றி என்று அச்சடித்திருந்தது. எந்த விடுதி என்ற கேள்விக்கு ஒரு வரியும் இல்லை. எங்கள் ஊர்த் தபால் முத்திரையைப் பார்த்தேன்: அந்த ஆண்டு மார்ச் பதினேழு, என் தேர்வின் முதல் நாள்.